தோண்டும் கை நம்முடையது, ஆய்வகம் யாருடையது?

ஓசூரில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் மயிலாடும்பாறையைப் பற்றிப் பேச்சு வந்தது. பழைய இரும்பை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று ஒரு தோழர் விளக்கிக்கொண்டிருந்தார். சின்னத் துண்டு வெட்டி எடுப்பார்கள், பேக்கலைட்டில் பதிப்பார்கள், எமரி பேப்பரில் தேய்ப்பார்கள், கண்ணாடி போல மெருகேற்றுவார்கள், அமிலக் கரைசலில் ஒரு நொடி காட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள் என்றார். பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் சிரித்துவிட்டார்.

"இதத்தானேண்ணா நான் தெனமும் ஷிஃப்ட்ல பண்றேன்!"

அவர் பி.ஏ. வரலாறு முடித்தவர். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையின் தர ஆய்வுப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். வண்டி உதிரிபாகத்துக்கு வார்த்த இரும்பை வெட்டி, மெருகேற்றி, நைட்டால் கரைசலில் காட்டி, உள்ளே கிராஃபைட் எப்படி உருண்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது அவர் வேலை. ஆலை அதை மூன்றே மாதத்தில் கற்றுக்கொடுத்துவிட்டது. மூன்று வருடம் வரலாறு படித்த கல்லூரியிலோ ஒரு பானையோட்டைக்கூட அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. "ஒரு நாள் மியூசியம் கூட்டிட்டுப் போனாங்க. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பார்த்தோம். அவ்ளோதாண்ணா."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விவாதத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். தொல்லியல் ஆய்வகப் பயிற்சி என்பது ஏதோ நிபுணர்கள் சமாச்சாரம் என்று நம் மாணவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்கக் கூடாது என்கிறோம். அது நம் உரிமைக் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

நம் மண், தூரத்து ஆய்வகம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாம்பழம், கிரானைட், சிப்காட் என்று மூன்று அடையாளம் சொல்வார்கள். நான்காவது ஒன்று உண்டு. 2022 மே 9 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த செய்தி நினைவிருக்கும். தொகரப்பள்ளி பக்கத்தில் உள்ள மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை 2021-இல் அகழாய்வு செய்தது. அங்கே எடுத்த மாதிரிகளுக்கு இரண்டு காலக்கணிப்புகள் வந்தன: ஒன்று கி.மு. 1615, இன்னொன்று கி.மு. 2172. தமிழ்நாட்டில் இரும்பின் வயது 4,200 ஆண்டு என்று செய்தித்தாள்கள் எழுதின. 2025 ஜனவரி 23 அன்று வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையை முன்வைத்து அந்த எல்லையைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. இதற்கிடையில் 2024-இல் நம் மாவட்டத்தின் சென்னானூரிலும் அகழாய்வு நடந்தது. மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளும், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சாய்ந்து கிடக்கும் நடுகற்களும் இதே மண்ணில்தான் இருக்கின்றன. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியை 1960-களிலேயே தோண்டிப் புதிய கற்காலத்தைக் கண்டார்கள்.

தோண்டியது இங்கே. அளந்தது எங்கே? மயிலாடும்பாறை மாதிரிகள் அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 'இரும்பின் தொன்மை' அறிக்கைக்கான மாதிரிகள் அங்கும், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்துக்கும், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கும் போயின. கீழடியில் கிடைத்த விலங்கெலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரி பார்த்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே மாதிரியை வேறு வேறு ஆய்வகங்கள் அளந்தால்தான் முடிவு உறுதிப்படும். எங்கள் கேள்வி வேறு. அகழாய்வுக் குழிக்கும் புளோரிடாவுக்கும் நடுவே பத்துப் பதினைந்து கட்ட வேலை இருக்கிறது. அதில் யார் யார் கை படுகிறது?

முதல் கட்டத்தில் கடப்பாரை, மண்வெட்டி, சட்டி. அது சுற்று ஊர்களின் தினக்கூலிக் கைகள். நாங்கள் பார்த்தவரை அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், பெண்கள், நம் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். வெயிலில் மண் சலித்து, மணியையும் ஓட்டையும் கண்ணால் பிரித்தெடுக்கும் அக்காமார்களின் திறமையை அகழாய்வு செய்யும் எந்த அதிகாரியும் மறுக்க மாட்டார். அடுத்த கட்டத்தில் மாதிரி பையில் ஏறுகிறது, பெட்டி மூடப்படுகிறது. அதோடு நம் கை விலகிவிடுகிறது. அந்தப் பெட்டி திறக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

தொட்டால்தான் வரும் படிப்பு

ஆய்வக அறிவியல் புத்தகத்தில் படித்து வருவதில்லை. சில உதாரணங்கள் சொல்கிறோம்.

இரும்பின் வயது என்றால் இரும்பையே அளந்துவிடுகிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. இரும்போடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த கரித்துண்டைத்தான் அளப்பார்கள். கரியில் உள்ள கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வயதைக் கணக்கிடுவார்கள். அதனால் அந்தக் கரித்துண்டு உண்மையில் அந்த அடுக்கைச் சேர்ந்ததா, எலி வளை வழியாகவோ வேர் வழியாகவோ மேலிருந்து இறங்கியதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழியில் அதை எடுப்பவர் வெறுங்கையால் தொட்டாரா, எதில் சுற்றினார், எந்த ஆழம் என்று குறித்தாரா என்பது முக்கியம். பிறகு அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவி, மண்ணிலிருந்து ஏறிய வேறு கார்பனை நீக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. முந்நூறு வயது மரத்தின் நடுத்தண்டை வெட்டி அடுப்பெரித்திருந்தால், கரி சொல்லும் வயது நெருப்பு மூட்டிய நாளைவிட முந்நூறு ஆண்டு கூடுதலாக இருக்கும். இதெல்லாம் தெரிந்த ஒருவர்தான் "4,200 ஆண்டு" என்ற எண்ணை நம்பவும் முடியும், கேள்வி கேட்கவும் முடியும். தெரியாதவருக்கு மேடையில் கைதட்டுவது ஒன்றுதான் மிச்சம்.

பானையோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் ஒளி ஊடுருவும். களிமண்ணோடு எந்த மணல், எந்தப் பாறைத்தூள் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். பானை இந்த ஊரில் செய்ததா, சந்தைக்கு வந்ததா என்று பேச முடியும். முதல் பத்துத் துண்டு எல்லோருக்கும் உடையும். பதினொன்றாவதுதான் சரியாக வரும். அந்தப் பத்தை உடைக்க யாருக்கு அனுமதி கிடைக்கிறது என்பதே பயிற்சியின் அரசியல்.

அடுப்புச் சாம்பல் மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்தால் கருகிய தானியம் மேலே மிதந்து வரும். அதை மெல்லிய துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, கேழ்வரகா, சாமையா, கொள்ளா என்று பிரிக்க வேண்டும். களியும் கொள்ளும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலையில் பாதி முன்பே தெரியும்.

இரும்பு விஷயத்தைத்தான் நம் சிப்காட் தம்பி சொல்லிவிட்டார். பழைய இரும்பில் கசடு இழை இழையாக ஓடியிருக்கும். கார்பன் எங்கே ஏறியிருக்கிறது, அடித்துச் சேர்த்த இடம் எது, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தார்களா என்பதெல்லாம் மெருகேற்றிய பரப்பில் தெரியும். ஆலையில் பார்ப்பது நேற்று வார்த்தது, இங்கே பார்ப்பது ஆயிரக்கணக்கான ஆண்டு துருவேறியது. மிகக் கவனமாக, அனுமதி பெற்று, மிகச் சிறிதே வெட்ட வேண்டும். ஆனால் கைப்பழக்கம் ஒன்றே.

கைக்கும் தலைக்கும் நடுவே நிற்கும் சாதி

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று பாபாசாகேப் 1936-இலேயே விளக்கினார். அந்த அடுக்கில் கை கீழே, எழுத்து மேலே. இரும்பு உருக்கியவர், தோல் பதனிட்டவர், பானை வனைந்தவர், பிணம் புதைத்தவர் கையில் இருந்த வேதியியலுக்கும் மண்ணியலுக்கும் அறிவு என்று பெயர் கிடைக்கவில்லை. 'குலத்தொழில்' என்று பெயர் கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் மூடும்வரை அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போன நம் தாத்தாக்கள். அப்போது கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். வெள்ளையர் காலத்தில் பூமிக்கடியில் பாறை உடைத்தது நாம். மேலே மேற்பார்வைப் பதவிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். நுரையீரலில் கல்தூசியோடு திரும்பிவந்தவர்களின் பேரன்கள்தான் இன்று ஓசூரில் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். கீழே தோண்டு, மேலே நாங்கள் அளக்கிறோம் என்ற அந்த ஏற்பாடு நமக்குப் புதிதில்லை.

பரோடா அரசு அலுவலகத்தில் அம்பேத்கரின் கையில் படாமல் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை எறிந்தார்கள். இன்றைய ஆய்வகத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். "விலையுயர்ந்த கருவி, தொடாதே" என்பார்கள். "எந்தக் கல்லூரி?" என்பார்கள். "இங்கிலீஷ் மேனுவல் படிக்க வருமா?" என்பார்கள். பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது, தங்குமிடம் நீயே பார்த்துக்கொள் என்பார்கள். வீட்டுக்கு மாதம் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சாதிப் பெயரைச் சொல்லாமலேயே வேலை முடிந்துவிடுகிறது.

திட்டப் பணியிடங்களையும் பாருங்கள். ஆய்வகத்தில் கை பழகுவதற்கான முதல் வாசல் அதுதான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று நேர்காணல் வைத்து எடுப்பார்கள். மத்திய அரசுத் துறைகளில் 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று அரசாணையே இருக்கிறது. 2022-இல் அதை மறுபடி நினைவூட்டினார்கள். திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்றால் என்ன நடக்கிறது என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அடைபட்ட இரண்டு கதவுகள்

2020 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறை தன் கிரேட்டர் நொய்டா நிறுவனத்தின் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வெளியிட்டது. தகுதியுள்ள செம்மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்த்தார்கள். அந்தக் கதவு திறந்தது, ஏனென்றால் அதற்குக் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் குரல் கொடுத்தார்கள்.

இரண்டாவது கதவு அடைபட்டபோது அத்தனை குரல் எழவில்லை. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. அதில் 115 இடம் பட்டியல் சாதியினருக்கு. 2022-இல் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று எழுதிவிட்டார்கள். அதாவது, மயிலாடும்பாறை இரும்பையோ கொந்தகை எலும்பையோ ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு ஒரு சேரிப்பிள்ளை வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போக முடியாது. மாதிரி புளோரிடாவுக்குப் போகலாம், மாதிரியைத் தோண்டியவர் மகள் போகக் கூடாது. இந்த விதியை மாணவர் அமைப்புகள் ஒவ்வொன்றும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக் கதவு இப்படி அடைபட்டிருக்கும்போது, உள்ளூர் ஆய்வகப் பயிற்சி நமக்கு இன்னும் அவசியமாகிறது.

யார் கையில் எலும்போ அவர் கேட்பதே கேள்வி

"யார் ஆராய்ந்தால் என்ன? அறிவியல் பொதுதானே?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறோம்.

1991-இல் நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் மத்திய அரசுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டினார்கள். அடியில் ஆப்பிரிக்க அடிமைகளின் இடுகாடு. 400-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. முதலில் அவை ஒரு தடயவியல் குழுவின் பொறுப்பில் இருந்தன. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் முன்னோரை ஆராய்வதில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்றார்கள். போராட்டத்தின் விளைவாக எலும்புகள் வாஷிங்டனில் உள்ள கறுப்பினத்தவரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டன. மானுடவியலாளர் மைக்கேல் பிளேக்கியின் தலைமையில் ஆய்வு நடந்தது. கறுப்பின மாணவர்கள் அந்த எலும்புகளில் கை பழகினார்கள்.

கேள்விகளே மாறின. இது எந்த 'இனம்' என்று வகைபிரிப்பதோடு நிற்கவில்லை. இவர்கள் ஆப்பிரிக்காவில் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி மாறினார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்று கேட்டார்கள். சுமை தூக்கித் தூக்கித் தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்த தடம் கிடைத்தது. பட்டினியில் வளர்ச்சி நின்ற குழந்தைகளின் பற்கள் கிடைத்தன. வட மாகாணங்களில் அடிமைமுறை லேசானது என்று சொல்லிவந்த கதையை எலும்பு மறுத்தது. 2003-இல் உரிய மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். 2006-இல் அது தேசிய நினைவிடமானது.

இங்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பழைய மரபணு ஆய்வகம் இருக்கிறது. கொந்தகை எலும்புகளை ஆராய்கிறார்கள். கொந்தகை மண்டையோடுகள் இரண்டின் அடிப்படையில் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025-இல் முகம் வடித்துக் கொடுத்தது. அந்த முகத்தின் நிறம், மூக்கு பற்றி இணையத்தில் எவ்வளவு சண்டை! அந்த முதுகெலும்பு எவ்வளவு சுமந்தது, அந்தப் பல் என்ன தின்றது, பெண்ணின் எலும்புக்கும் ஆணின் எலும்புக்கும் உணவில் வித்தியாசம் இருந்ததா, பெரிய கல்லறை கிடைத்தவருக்கும் வெறும் குழி கிடைத்தவருக்கும் வித்தியாசம் இருந்ததா? இந்தக் கேள்விகளைக் கேட்கும் ஆட்கள் ஆய்வகத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் நமக்கே சொல்லிக்கொள்கிறோம். ஒவ்வொரு அகழாய்வுக்குப் பிறகும் "இது எங்கள் சாதி நாகரிகம்" என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். அந்த வரிசையில் நாமும் போய் நிற்கக் கூடாது. எலும்பில் சாதிச் சான்றிதழ் இல்லை. பானையோட்டில் குலப்பெயர் தேடுவது அறிவியல் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் பத்திரிகை தொடங்கி எழுதியபோது, ஓலையையும் சொல்லையும் வழக்காற்றையும் துருவித் துருவி, எங்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரலாற்றை நாங்களே சோதிப்போம் என்று நின்றார். அந்தச் சோதிக்கும் துணிவுதான் நமக்கு வேண்டிய மரபு. இன்றைக்கு அதற்கு நுண்ணோக்கியும் தேவைப்படுகிறது. நாம் விரும்பிய விடை வராவிட்டாலும் அதை ஏற்கும் நேர்மையும் சேர்ந்தே தேவைப்படுகிறது.

எங்கள் கோரிக்கைகள்

தமிழ்நாட்டுக்கு ஆய்வக மரபு புதிதில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். எஸ். பரமசிவன் அங்கே செப்புத் திருமேனிகளைத் துருவிலிருந்து மீட்டார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. அந்த அறிவு மாவட்டங்களுக்கு ஏன் இறங்கவில்லை? எனவே கேட்கிறோம்:

ஒன்று: சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கிருஷ்ணகிரி, ஓசூர் அரசுக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களுக்கும் அறிவியல் மாணவர்களுக்கும் சேர்த்து, ஒரு பருவம் முழுக்கச் செய்முறைப் பயிற்சி வேண்டும். சல்லடை, மிதக்கவிடும் தொட்டி, தராசு, நுண்ணோக்கி, மெருகேற்றும் எந்திரம் போதும்; இதில் தொடங்கக் கோடிகள் வேண்டாம். கார்பன் அளக்கும் பெரிய கருவியை இங்கே வைக்கச் சொல்லவில்லை. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் அது இருக்கிறது. அங்கே மாதிரியோடு மாணவரையும் அனுப்புங்கள்.

இரண்டு: பயிற்சி இடங்களிலும் திட்டப் பணியிடங்களிலும் இடஒதுக்கீடு, அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட. உதவித்தொகையும் விடுதியும் சேர்த்து. மாதக்கணக்கில் தொகை நிலுவை வைத்தால் என்ன ஆகும் என்பதை ரோகித் வெமுலாவின் பெயர் நமக்குச் சொல்லும்.

மூன்று: ஓசூர் ஆலைகளின் தர ஆய்வகங்கள், அரசு பாலிடெக்னிக்குகள், ஐ.டி.ஐ.க்கள் இதில் கைகோக்க வேண்டும். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் சாரதா ஸ்ரீனிவாசன் போன்றவர்கள் தென்னிந்தியாவின் பழைய உலோகங்களைப் பல காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். மாநில எல்லையைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள், பயிற்சிக்கும் போகலாம்.

நான்கு: தாட்கோ பயிற்சிப் பட்டியலிலும் 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆய்வக உதவியாளர், தொல்பொருள் பாதுகாப்புப் பயிற்சிகளைச் சேர்க்க வேண்டும். செய்முறைக் கையேடுகள் தமிழில் வேண்டும்.

ஐந்து: குழியில் வேலை செய்யும் தொழிலாளர்களின் பெயர்கள் அகழாய்வு அறிக்கையில் அச்சாக வேண்டும். விருப்பமுள்ளவர்களுக்கு மாதிரி எடுப்பதிலும் வகைபிரிப்பதிலும் முறையான பயிற்சியும் சான்றிதழும் கூடுதல் கூலியும் வேண்டும்.

அவசரம் இருக்கிறது. கிரானைட் குவாரியும் சாலையும் தொழிற்பேட்டையும் இந்த நிலத்தை வேகமாக மாற்றுகின்றன. ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024-இல் அறிவித்துவிட்டார்கள். புல்டோசர் வருவதற்கு முன் நிலத்தை நடந்து பார்த்து, கல்திட்டையையும் கசடுக் குவியலையும் பதிவுசெய்யத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் இல்லையென்றால், போனது போனதுதான்.

மாணவத் தோழர்களுக்கு

அரசு தரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஆனால் ஒன்று கவனம்: நிலத்தில் கிடக்கும் பழம்பொருளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், தோண்டாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம். இடம் மாறினால் அந்தப் பொருள் பாதி ஊமையாகிவிடும். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கை பழக இன்றைய பொருளே போதும். உங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலை வாளியில் கரைத்து என்ன மிதக்கிறது என்று பாருங்கள். உடைந்த பானையை ஓடு ஓடாக வரைந்து பழகுங்கள். அகழாய்வு நடக்கும் இடத்துக்குப் போனால் அதிகாரியிடம் மட்டும் பேசாமல், மண் சலிக்கும் அக்காவிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இப்போது அடுத்த ஏற்பாடு நடக்கிறது. கொல்லர் ஒருவர் பழைய அரிவாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதை வெட்டி, மெருகேற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டப்போவது அந்தச் சிப்காட் தம்பி. வரலாற்றுப் பட்டம் வாங்கி நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் எடுக்கப்போகும் முதல் வரலாற்று வகுப்பு அது. கல்லூரி கொடுக்க வேண்டியதை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுதாகக் கொடுத்துவிட முடியாது. கேட்டு வாங்குவோம்.

ஜெய்பீம்.